சிறையும் அறமும்

கையில் அமுதசுரபி ஏந்திய இளநங்கை ஒருத்தி காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்கோட்டத்தினுள் நுழைந்தாள்; அங்கே பசியால் வாடிக் கிடந்தோர் அனைவருக்கும் அன்புடன் சோறிட்டாள். ஒரு கலத்திலிருந்து பலரை உண்பித்த அவளைக் கண்டு வியந்த காவலர், செய்தியை மன்னனிடம் சென்று கூறினர். சோழன் அவளை வரவழைத்து, அவள் வேண்டுவது யாது என வினவினான். பொன்னையோ மணியையோ அவள் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு வேண்டினாள். மன்னனும் அதற்கு இசைந்தான். சீத்தலைச் சாத்தனார் தம் காப்பியத்தில் இந்நிகழ்ச்சிக்கென்றே ஒரு காதையை ஒதுக்கியுள்ளார்.

காப்பியத்தில் ஒரு சொல்லால் நிகழ்ந்த இம்மாற்றம், உலகியலில் அத்துணை எளிதில் நிகழவில்லை. சிறைப்பட்டோரும் மனிதரே என்னும் உண்மையை அரசுகள் உணர்வதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. அதனை உணரச் செய்தவருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ஆங்கில நாட்டினரான ஜான் ஹோவர்டு என்பவர். அவர் அரசரும் அல்லர். அறிஞர் எனப் புகழ் பெற்றவரும் அல்லர். அவர் கையில் இருந்தது ஒரு குறிப்பேடு மட்டுமே.

ஹோவர்டின் தொண்டினை அறிவதற்கு, அவர் காலத்துச் சிறை எத்தகையது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் சிறைச்சாலை என்பது பெரும்பாலும் தண்டனைக்குரிய இடமாக இருக்கவில்லை. பெருங்குற்றம் புரிந்தவரைத் தூக்கிலிட்டனர். அன்றேல் கடல் கடந்த நாடுகளுக்கு ஏற்றி அனுப்பினர். சிறையில் இருந்தோர் பெரும்பாலும் வழக்கு விசாரணையை எதிர்நோக்கி இருந்தவரும், கடனைத் திருப்பித் தர இயலாதவருமே ஆவர். 1776ஆம் ஆண்டில் ஹோவர்டு எடுத்த கணக்கின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறைப்பட்டிருந்தோர் 4,084 பேர். அவருள் 2,437 பேர் கடனாளிகள். கடன்பட்டவன் உழைத்துப் பொருள் ஈட்டினாலன்றோ கடனைத் தீர்க்க முடியும்? அவனை உழைக்க இயலாத இடத்தில் அடைத்து வைத்துவிட்டுக் கடனைத் தீர்க்குமாறு கூறியது அக்காலச் சட்டம்!

அச்சிறைகளை நடத்தி வந்த சிறையதிகாரிகளுக்குப் பெரும்பாலும் அரசு சம்பளம் அளிப்பதில்லை. அவர்கள் கைதிகளிடமிருந்தே தம் வருவாயைத் தேடிக்கொண்டனர். உள்ளே வருவதற்கு ஒரு கட்டணம். வெளியே செல்வதற்கு ஒரு கட்டணம். படுக்கைக்கு ஒரு கட்டணம். கனத்த விலங்கைக் கழற்றி இலேசான விலங்கைப் பூட்டுவதற்கும் ஒரு கட்டணம். சிறைக்குள்ளேயே மதுக்கடை நடத்தியவரும் உண்டு. புதிதாக வந்த கைதி, பழைய கைதிகளுக்கும் ஒரு தொகை தருதல் வேண்டும். தர இயலாதவன் தன் மேலாடையைக் கழற்றித் தருதல் வேண்டும். பணமுடையோர் சிறையிலும் ஓரளவு நலமாக வாழ்ந்தனர். ஏழைகளோ ஈரத் தரையில் பழைய வைக்கோலின்மீது கிடந்தனர். பல சிறைகளில் கடனாளிகளுக்கு உணவென ஒன்றுமே அளிக்கப்படவில்லை. அந்நாளில் சாளரங்களுக்கு அரசு வரி விதித்திருந்தது. அவ்வரியைத் தாமே செலுத்த வேண்டியிருந்த சிறையதிகாரிகள் செய்தது யாது? சாளரங்களை அடைத்துவிட்டனர். வரிப்பணம் மிச்சமாயிற்று, கைதிகளுக்குக் காற்றும் ஒளியும் அற்றுப் போயின.

ஜான் ஹோவர்டு 1726ஆம் ஆண்டில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். பெட்ஃபோர்டு மாவட்டத்தில் கார்டிங்டன் என்னும் சிற்றூரில் அவருக்கு நிலபுலங்கள் இருந்தன. தம் குடியானவர்களுக்கு நல்ல வீடுகளைக் கட்டித் தந்தும், அவர்தம் பிள்ளைகள் கற்க வகை செய்தும் அவர் அமைதியாக வாழ்ந்து வந்தார். எனினும் சிறையின் கொடுமையை இளமையிலேயே ஒரு முறை அவர் நேரில் அறிந்திருந்தார். 1755இல் போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தது. அடுத்த ஆண்டு அந்நகரைக் காணக் கப்பலேறிச் சென்ற ஹோவர்டை, இங்கிலாந்துடன் போர் புரிந்துகொண்டிருந்த பிரெஞ்சுக்காரர் வழியில் சிறைப்பிடித்தனர். நாற்பது மணி நேரத்திற்கு மேல் ஒரு துளி நீரும் அவருக்குக் கிட்டவில்லை. பிரெஸ்ட் நகரக் கோட்டையில் ஆறு இரவுகள் வைக்கோலின்மீது கிடந்தார். விடுதலை பெற்று நாடு திரும்பிய பின் அவர் வாளா இருந்துவிடவில்லை. அங்கு வாடிய தம் நாட்டுக் கைதிகளின் நிலையை உரிய அதிகாரிகளிடம் எடுத்துரைத்து, அவர்கள் மீட்கப்படுவதற்குத் துணை நின்றார். ஆயினும் உள்நாட்டுச் சிறைகளை அவர் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. அவ்வெண்ணம் தோன்ற இன்னும் பதினேழு ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

1773ஆம் ஆண்டில் ஹோவர்டு பெட்ஃபோர்டு மாவட்டத்தின் ஷெரீபாக அமர்த்தப்பட்டார். மாவட்டச் சிறையும் அப்பதவியில் இருப்பவரின் பொறுப்பில் அடங்கும். ஆனால் அப்பதவியில் இருந்தோர் விழாக்காலங்களில் ஊர்வலம் செல்வதோடு தம் கடமை முடிந்ததெனக் கருதுவதே வழக்கம். ஹோவர்டு அவ்வாறு கருதவில்லை. நீதிமன்றத்தில் அமர்ந்து வழக்குகளைக் கவனித்தார். அங்கே அவர் கண்ட காட்சி அவரைத் திடுக்கிடச் செய்தது. குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றவர்கள் வீட்டிற்குச் செல்லாமல் மீண்டும் சிறைக்கே இழுத்துச் செல்லப்பட்டனர்! காரணம் யாது? சிறையதிகாரிக்குப் பதினைந்து ஷில்லிங் நான்கு பென்ஸும், வாயிற்காவலனுக்கு இரண்டு ஷில்லிங்கும் செலுத்தினாலன்றி அச்சிறையிலிருந்து எவரும் வெளியேற இயலாது. அத்தொகை இல்லாத ஏழைகள், குற்றமற்றவராய் இருந்தும், மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர்.

சிறையதிகாரிக்கு மாவட்ட நிதியிலிருந்து சம்பளம் அளித்துவிட்டால் இக்கட்டணம் தேவைப்படாது என்று ஹோவர்டு நீதிபதிகளிடம் கூறினார். அவர்களும் அது நன்றே என்றனர். ஆனால், வேறு எந்த மாவட்டத்திலேனும் இவ்வாறு செய்திருக்கிறார்களா, முன்மாதிரி உண்டா என்று வினவினர். முன்மாதிரியைத் தேடிக் கொண்டுவருவதாகக் கூறி ஹோவர்டு குதிரை மீதேறி அண்டை மாவட்டங்களுக்குச் சென்றார். தேடிய முன்மாதிரி கிட்டவில்லை. சென்ற இடமெல்லாம் அதே கொடுமை. சில இடங்களில் அதனினும் கொடிது. ஒரு மாவட்டத்திற்கென்று புறப்பட்ட பயணம் நாடு முழுவதற்கும் நீண்டது. எஞ்சிய பதினேழு ஆண்டு வாழ்நாளையும் அப்பயணமே கொள்ளை கொண்டது. நன்மை செய்வதற்கு முன்மாதிரி கேட்ட நீதிபதிகளுக்கு உலகம் ஒரு வகையில் கடமைப்பட்டுள்ளது எனலாம்.

அவர் சிறைகளைக் கண்ட முறை வியக்கத்தக்கது. நிலவறைக்குள் தாமே இறங்கினார். அறையின் நீள அகலங்களை அளந்தார். கைதிக்கு அளிக்கப்படும் ரொட்டியின் எடை, குடிநீர் கிடைக்கும் இடம், சாளரத்தின் அளவு, விலங்கின் தன்மை, கட்டணங்களின் பட்டியல் ஆகியவற்றை எல்லாம் குறித்துக்கொண்டார். ஆடவரும் பெண்டிரும், சிறுவரும் கொடியரும், மனநோயாளரும் ஒருங்கே அடைக்கப்பட்டிருத்தலைக் கண்டு வருந்தினார். ஆனால் அவ்வருத்தத்தை அவர் எழுத்தில் அதிகம் காண இயலாது. அளவும் எண்ணிக்கையுமே அவர் ஏட்டில் நிறைந்துள்ளன. சிறையிலிருந்து வெளிவந்தபின் அவர் ஆடைகளில் படிந்திருந்த நாற்றம் தாங்க முடியாததாய் இருந்தமையால், மூடிய வண்டியில் அவரால் செல்ல இயலவில்லை. குதிரை மீதே பெரும்பாலும் பயணம் செய்தார். குறிப்பேட்டின் தாள்களைக்கூட ஓரிரு மணி நேரம் நெருப்பின்முன் விரித்து வைத்த பின்னரே பயன்படுத்த முடிந்தது.

அந்நாற்றத்தினும் கொடியதொன்று சிறைகளில் குடிகொண்டிருந்தது. அதனைச் 'சிறைக்காய்ச்சல்' என மக்கள் வழங்கினர். 1773, 1774ஆம் ஆண்டுகளில் தூக்கிலிடப்பட்டு இறந்தவர்களைவிடச் சிறைக்காய்ச்சலால் இறந்தவர்களே மிகப் பலர் என்று ஹோவர்டு கண்டறிந்தார். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவன், விசாரணை நாள் வருமுன்னரே நோயால் மடிந்துபோனான் எனின், அவனுக்கு மரண தண்டனை விதித்தவர் யார்? அந்நோய் சிறைச் சுவரோடு நிற்கவும் இல்லை. 1750இல் இலண்டன் நகரின் ஓல்டு பெய்லி நீதிமன்றத்திற்குக் கைதிகளோடு வந்த காய்ச்சல், நகரத் தந்தையான மேயரையும் நீதிபதிகள் இருவரையும் மற்றும் பலரையும் கொன்றது.

அக்காலத்து மருத்துவர்கள் கெட்ட காற்றே இந்நோயின் காரணம் எனக் கருதினர்; ஹோவர்டும் அவ்வாறே கருதினார். உண்மைக் காரணம் 1909ஆம் ஆண்டில்தான் வெளிப்பட்டது. துனிஸ் நகரில் பணியாற்றிய சார்லஸ் நிக்கோல் என்னும் பிரெஞ்சு அறிஞர், காய்ச்சல் கண்டவர்களைத் தொட்டவர்க்கும், அவர்தம் ஆடையைக் கையாண்டவர்க்கும் நோய் தொற்றுவதையும், நோயாளியைக் குளிப்பாட்டி ஆடையை மாற்றி மருத்துவமனைக்குள் சேர்த்தபின் அங்கே எவருக்கும் தொற்றாமையையும் உற்று நோக்கினார். ஆடையில் ஒட்டியிருக்கும் பேனே டைஃபஸ் என்னும் அந்நோயைப் பரப்புகிறது என ஆய்ந்து நிறுவினார். அதற்கென 1928இல் நோபல் பரிசும் பெற்றார். ஹோவர்டு வேண்டியவையோ, குளிப்பதற்கு நீர், தூய ஆடை, நோயாளிக்குத் தனியறை என்பனவே. நோயின் காரணத்தைத் தவறாகக் கருதிய அவர், அதனைத் தடுக்கும் வழியைச் சரியாகவே கண்டிருந்தார். கைதியை மனிதனாக நடத்த முற்பட்டமையால் நோயும் விலகும் வழி தானே திறந்தது.

1774ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாராளுமன்றம் அவரை அழைத்து விசாரித்தது. அவர் தந்த விவரங்களைக் கேட்ட உறுப்பினர் ஒருவர், இத்தனை பயணங்களையும் யாருடைய செலவில் மேற்கொண்டார் என்று ஐயத்துடன் வினவினாராம். பிறர்க்காகத் தன் பணத்தைச் செலவிடும் ஒருவரை அவ்வுறுப்பினரால் எண்ணிப் பார்க்க இயலவில்லை போலும்! அவ்வாண்டிலேயே இரண்டு சட்டங்கள் நிறைவேறின. குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றவர் உடனே கட்டணமின்றி விடுவிக்கப்படுதல் வேண்டும் என்றது ஒன்று. சிறைச்சுவர்களை ஆண்டுதோறும் சுரண்டி வெள்ளையடித்தல், அறைகளில் காற்றோட்டம் அமைத்தல், குளிப்பதற்கு வசதி செய்தல், நோயாளிகளுக்குத் தனியறையும் மருத்துவரும் ஏற்படுத்தல் ஆகியவற்றை மற்றொன்று விதித்தது. சட்டம் ஏட்டில் ஏறியதனால் மட்டும் பயன் விளைந்துவிடாது என்பதை ஹோவர்டு நன்கு அறிந்திருந்தார். எனவே அச்சட்டங்களைத் தம் செலவில் அச்சிட்டு நாட்டிலுள்ள சிறையதிகாரிகளுக்கெல்லாம் அனுப்பினார். அவை கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று காண மீண்டும் மீண்டும் சென்றார். 1777இல் வெளிவந்த, இங்கிலாந்து வேல்ஸ் சிறைகளின் நிலை பற்றிய அவரது நூல் ஐரோப்பா முழுவதிலும் பரவியது.

பிற நாடுகளுக்கும் அவர் சென்றார். நாற்பதாயிரம் மைலுக்கு மேல் பயணம் செய்தார். பாரிசு நகரச் சிறைகளுக்குள் நுழைய அவருக்கு முதலில் இசைவு கிடைக்கவில்லை. கைதிகளுக்குப் பிச்சையிட வருவோரை உள்ளே விடுதல் வேண்டும் என்னும் பழைய விதி ஒன்று 1717 முதல் இருந்துவருவதை அவர் தேடிக் கண்டுபிடித்தார்; அவ்விதியைக் காட்டிக் கையில் காசுடன் உள்ளே சென்றுவிட்டார். கொடுமைக்குப் பேர்போன பஸ்தீல் கோட்டை மட்டும் அவருக்குத் திறக்கவில்லை. ஆலந்து நாட்டில் சிறைகள் தூய்மையாக இருத்தலையும், கைதிகள் தொழில் கற்று உழைத்தலையும் கண்டு மகிழ்ந்தார். தொற்றுநோய் ஐயத்தால் கப்பற் பயணிகளைத் தனித்து நிறுத்தும் முறையை அறிவதற்காக, நோயுள்ள துறைமுகத்திலிருந்து வெனிசு நகருக்குச் செல்லும் கப்பலை 1786இல் தாமே தேடி ஏறினார். அந்நகரில் மற்றவரோடு தாமும் அடைபட்டிருந்தார். இறுதியில், கருங்கடற் பகுதியிலுள்ள கெர்சன் நகரில் காய்ச்சலுற்ற பெண் ஒருத்தியைக் காணச் சென்று, அக்காய்ச்சலே தம்மையும் பற்ற, 1790ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20ஆம் நாள் உயிர் நீத்தார். தம் கல்லறையின்மீது நிழற்கடிகாரம் ஒன்றை வைத்துவிட்டுத் தம்மை மறந்துவிடுமாறு அவர் கேட்டுக்கொண்டார். மக்கள் மறக்கவில்லை. இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் முதன்முதலாக நிறுவப்பட்ட சிலை அவருடையதே.

நல்லெண்ணத்தில் முளைத்ததும் பிழைபட்டுப் போதல் உண்டு. கைதிகள் இரவில் தனித்தனி அறையில் உறங்குதல் வேண்டும் என ஹோவர்டு விரும்பினார். இடைவிடாத் தனிமையை மனித உள்ளம் தாங்காது என்றும் எச்சரித்திருந்தார். பின்வந்தோர் முன்னதைக் கொண்டனர், பின்னதை விட்டனர். 1842இல் இலண்டனில் கட்டப்பட்ட பென்டன்வில் சிறையில் கைதிகள் பகலும் இரவும் தனித்தே வைக்கப்பட்டனர். அறையை விட்டு வெளியே வரும்போதும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதவாறு முகமூடி அணிவிக்கப்பட்டனர். தூய்மைக்குக் குறைவில்லை, ஆனால் பலருடைய சித்தம் கலங்கியது. உடலைத் தொடாமலும் மனிதனை வதைத்தல் கூடும் என்பது அப்போது தெரிந்தது.

இந்தியாவில் ஆங்கிலேயர் 1894இல் இயற்றிய சிறைச்சட்டம் கைதிகளை அடக்கி வைப்பதையே பெரிதும் கருதியது. கப்பலோட்டிய தமிழரான வ. உ. சிதம்பரனார் கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தமையைத் தமிழர் அறிவர். வங்க இளைஞரான ஜதீந்திரநாத் தாஸ், அரசியற் கைதிகளை மனிதத் தன்மையுடன் நடத்துமாறு கோரி லாகூர்ச் சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டு, 63ஆம் நாளாகிய 1929 செப்டம்பர் 13இல் உயிர் துறந்தார். நாடு விடுதலை பெற்றது; சிறைச்சட்டமோ அவ்வளவு விரைவில் மாறவில்லை.

நீதிமன்றம் ஒருவனுக்குச் சிறைத்தண்டனை விதிக்கும்போது அவனிடமிருந்து பறிப்பது யாது என்னும் வினாவிற்கு விடை கண்டாலன்றி இதில் தெளிவு பிறவாது. விரும்பிய இடத்திற்குச் செல்லும் உரிமையை அது பறிக்கிறது. அவ்வளவே தண்டனை. அடி வாங்குதலும், பசித்திருத்தலும், நோய்க்கு மருந்தின்றி வாடுதலும் எத்தீர்ப்பிலும் எழுதப்படுவதில்லை. தீர்ப்பில் இல்லாத ஒன்றைச் சிறையதிகாரி சேர்ப்பாராயின், அவர் சட்டத்தைக் காப்பவர் ஆகார். 1955இல் ஜெனீவாவில் வகுக்கப்பட்ட உலகப் பொதுவிதிகள் இவ்வடிப்படையில் எழுந்தவையே. அவை 2015இல் திருத்தப்பட்டு, இருபத்தேழு ஆண்டுகள் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரால் வழங்கப்பெறுகின்றன. எவரையும் தொடர்ந்து பதினைந்து நாட்களுக்கு மேல் தனிமைச் சிறையில் வைத்தல் கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

நம் நாட்டில் இவ்வுண்மையை உரத்துக் கூறியவர் உச்சநீதிமன்ற நீதிபதியாய் விளங்கிய வி. ஆர். கிருஷ்ணய்யர். அவர் 1948இல் ஒரு திங்கள் தாமே சிறையிலிருந்தவர். 1957இல் கேரள அமைச்சரவையில் சிறைத்துறையை ஏற்று நடத்தியவர். தில்லித் திகார்ச் சிறையில் தூக்குத் தண்டனை பெற்றிருந்த சுனில் பத்ரா என்பவரைத் தனிமையில் அடைத்து வைத்தது தவறென 1978இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் அவரே மற்றொரு கைதிக்காக ஒரு கடிதம் எழுதினார். சிறைக்காவலன் ஒருவன் பணம் பறிக்கும்பொருட்டு அக்கைதியைக் கொடுமையாக வதைத்தான் என்பது கடிதத்தின் செய்தி. முத்திரைக் கட்டணமும் வழக்கறிஞரும் இன்றி வந்த அக்கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக ஏற்றது. வழக்கறிஞர் இருவரைச் சிறைக்குள் அனுப்பி உண்மையை அறிந்துவரச் செய்தது. சிறைகளில் முறையீட்டுப் பெட்டிகளை வைக்கவும், மாவட்ட நீதிபதிகள் சிறைகளை நேரில் சென்று காணவும் 1979 திசம்பரில் கட்டளையிட்டது. சிறைக்கதவு அடைபட்ட பின்னரும் அரசியல் சட்டம் வெளியில் நின்றுவிடுவதில்லை என்பது அத்தீர்ப்புகளால் நிலைபெற்றது. சாதியைக் கருதிச் சிலர்க்குச் சமையலும் சிலர்க்குத் துப்புரவும் ஒதுக்கிய சிறைவிதிகள் பல மாநிலங்களில் நெடுங்காலம் இருந்துவந்தன. அவை செல்லா என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 அக்டோபர் 3ஆம் நாளில்தான். சிறைப்பதிவேட்டில் சாதிக்கென இருந்த இடத்தையும் நீக்குமாறு பணித்தது.

எனினும் ஹோவர்டு பெட்ஃபோர்டில் கண்ட காட்சி முற்றிலும் மறைந்துவிடவில்லை. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். நூறு பேருக்கென்று அமைந்த இடத்தில் நூற்று முப்பத்தொருவர் இருந்தனர். அவருள் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூவர், குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாத விசாரணைக் கைதிகள். பீகார் மாநிலத்தில் இத்தகையோர் பலர், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருப்பின் பெற்றிருக்கக்கூடிய தண்டனைக் காலத்தினும் நீண்ட காலம் சிறையில் கிடந்தமை 1979இல் வெளிப்பட்டது. விரைவான விசாரணை என்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று உச்சநீதிமன்றம் அப்போது கூறியது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், முதன்முறையாகக் குற்றம் சாட்டப்பட்டவர், மிகக் கொடிய குற்றங்கள் நீங்கலாகப் பிறவற்றில், உச்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் அவரைப் பிணையில் விட வழி செய்கிறது.

பிணை கிடைத்தும் வெளியே வர இயலாதோரும் உளர். நீதிபதி விடுவிக்குமாறு ஆணையிடுகிறார். ஆனால் சொத்துடைய ஒருவர் வந்து பிணைப்பத்திரம் எழுதித் தருதல் வேண்டும். கூலி வேலை தேடி வெளியூர் வந்தவனுக்கு அத்தகைய ஒருவரை அங்கு யார் அறிமுகம் செய்து வைப்பார்? அவனுடைய மனைவியோ பேருந்துக் கட்டணத்திற்கே வழியறியாது நிற்பாள். எனவே 2023 சனவரியில் உச்சநீதிமன்றம் சில நெறிகளை வகுத்தது. பிணையாணையின் படியை அன்றோ மறுநாளோ மின்னஞ்சல் வழியே சிறைக் கண்காணிப்பாளருக்கு அனுப்புதல் வேண்டும். ஏழு நாட்களுக்குள் கைதி வெளிவரவில்லையெனில், கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிற்குத் தெரிவித்தல் வேண்டும். அக்குழு ஒருவரைச் சிறைக்கு அனுப்பிக் கைதிக்கு உதவுதல் வேண்டும். ஒரு திங்கள் கழிந்தும் பிணைப்பத்திரம் தர இயலாதவராயின், நீதிமன்றம் தானே அவ்வழக்கை எடுத்து, நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று ஆராய்தல் வேண்டும். இதற்கென ஒவ்வொரு மாவட்டத்திலும் அமைந்துள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம், பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்தினுள்ளேயே இருக்கும். அங்கு வறியவரும், பெண்டிரும், சிறையில் உள்ளோரும் கட்டணமின்றி வழக்கறிஞரைப் பெறலாம்.